கேட் திறக்கும் வரை

நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று.
பொட்டாஷ் பெட்டிகள். நான் எண்ணுவதை நிறுத்திப் பல வருடமாயிற்று,
வாய் மட்டும் எண்ணுகிறது.
பக்கத்து இருக்கையில் படிவம்:
ஊர்க் குறிப்பு, ஒரு பக்கத்துக்கு மிகாமல்,
வெள்ளிக்கிழமைக்குள்.
வெளியே மைனஸ் முப்பத்தாறு.
பேனா எழுத மறுக்கிறது. அக்குளில் செருகியிருக்கிறேன்.

தோற்றுவித்தவர்?
ஓர் அடிக்கோல்.
மான்ட்ரியலில், சன்னல் இல்லாத அறையில்,
எட்டு மைலுக்கு ஒரு புள்ளியென எவனோ வைத்துக்கொண்டே வந்தான்.
எஞ்சினுக்குத் தாகமெடுக்கும் தூரம் அது.
நாற்பத்தோராவது தாகம் நாங்கள்.
புள்ளிக்குப் பெயர் வேண்டுமே என்று
கம்பெனிப் பொருளாளர் தன் மைத்துனனின் பெயரைக் கொடுத்தார்.
திருவாளர் ஓரன்விக் இங்கே இறங்கியதில்லை.
ஒரே ஒருமுறை கடந்துபோனார்,
இரவு வண்டியில், தூக்கத்தில்.

அதற்கு முன்பே இந்த இடத்துக்குப் பெயருண்டு.
தண்ணீர் வரி கட்ட வந்த டெல்ஃபீன் கார்டினல்
சில்லறைக்காகக் காத்திருந்தபோது க்ரீ மொழியில் சொன்னாள்.
இரண்டு ஓடைகள் ஒன்றின் பேச்சை ஒன்று கேட்கும் இடம் என்று அர்த்தமாம்.
திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதலாம், பேனா இளகினால்.

எங்கள் தெருக்கள் தண்டவாளத்துக்கு இணை,
வடக்குக்கு அல்ல.
ஆகவே வெயில் எல்லா வீட்டிலும் கோணலாகத்தான் நுழையும்,
திருடனைப்போல அலமாரிப் பக்கமாக.
பிலிப்பைன்ஸிலிருந்து வந்த செவிலியர் மாரிவிக்
மூன்று மாதம் எது கிழக்கென்று தெரியாமல்
பனிச்சறுக்கு மைதானத்தைப் பார்த்து ஜெபித்தாளாம்.

தானியக் கோபுரம் ஐந்திருந்தன. ஒன்று இருக்கிறது.
அதன் நிழல் மாலையில் மா குடும்பத்துக் கபே வரை நீளும்,
அங்கே சௌமீனுக்குத் தொட்டுக்கொள்ள பெரோகி கிடைக்கும்,
இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

ஆஸ்பத்திரி தெற்கே. ஆம்புலன்ஸ் வடக்கே.
நடுவில் இது, இரண்டு மைல் நீளம்.
ஒரிசியா வாசிலிஷினுக்கு இந்தக் கேட்டில்தான் வலி எடுத்தது.
எழுபத்தோராம் பெட்டிக்கும் எண்பதாம் பெட்டிக்கும் இடையில்
பிக்கப் வண்டியின் முன்னிருக்கையில் பையன்.
அவனே இப்போது எஞ்சின் ஓட்டுகிறான்.
விதிப்படி இரண்டு நீளம், ஒரு குறில், ஒரு நீளம்.
கடைசி நீளத்தை மட்டும்
அம்மா வீட்டு வேலி தாண்டும் வரை விடமாட்டான்.
ரயில்வேக்கு இரண்டு புகார்க் கடிதம் போயிருக்கிறது.
ஒன்று என் கையெழுத்து.

மக்கள்தொகை?
நேற்று மாலைக் கணக்கில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.
ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கினால்
பலகையிலிருந்து "நகரம்" என்ற சொல்லைக் கழற்ற வேண்டும்.
"டாக்னி, எங்கேயாவது ரெண்டு பேர் இருப்பாங்க, தேடிப் பாருங்க"
என்றார் மேயர்,
தொலைந்த சாவியைப் பற்றிச் சொல்வதுபோல.

இருநூற்று நாலு.
கடைசிப் பெட்டி. சிவப்பு விளக்கு ஒன்று பனியில் சிறுத்துப்போகிறது.
கேட் எழுகிறது.
எதிரே ஒரு மூஞ்சிவரிசை,
இவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.
ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்காமல்
ஆளுக்கொரு விரல் உயர்த்துகிறார்கள். நானும்.

தண்டவாளம் தாண்டியதும் ரயில்வேக்காரர்களின் ஓய்வு விடுதி.
மாடியில் திரை மூடிய இரண்டு சன்னல்கள்.
வாசலில் இரண்டு ஜோடி பூட்ஸ், பனி உருகிக் குட்டை.
எங்கிருந்தோ வந்து, எங்கேயோ போக,
எட்டு மணி நேரம் இங்கே தூங்குகிறார்கள்.

வண்டியை ஓரங்கட்டினேன்.
பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள், ஒரு குறில்.
டாஷ்போர்டுக்குள் துழாவி
பென்சில் எடுத்தேன்.